முக்கால் இஞ்சு ஓட்டை

இஞ்சு மாஸ்டருக்கு உலகத்தில் இருக்கிற பொருளெல்லாம் இரண்டே வகைதான். அளந்து முடித்தது ஒன்று, இன்னும் அளக்காதது இன்னொன்று. பேத்தி பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் மூக்கு யார் சாயல், நெற்றி யார் சாயல் என்று பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்க, இவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவித் தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்துவிட்டார்.

"உயரம் இருபது இஞ்சு. மார்புச் சுத்து பதிமூணு."

"பிள்ளைய வாங்கினா எல்லாரும் முத்தம் குடுப்பாங்க. இந்த மனுஷன் அளவெடுக்கிறாரு," என்றார் அவர் மனைவி.

"முத்தம் எப்ப வேணாலும் குடுக்கலாம். என் மகாராணி போட்டுக்கச் சட்டை இல்லாம கிடக்கிறா பாரு."

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், நடுவில் ஆள் படுக்கலாம் போல ஒரு வெட்டுமேஜை, சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும் பழுப்புக் காகித அச்சுகள். ஆஸ்பத்திரிக் கோட்டும் பள்ளிக்கூடச் சீருடையும் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். வெட்டுவதும் தைப்பதும் மாஸ்டர். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது மனைவி. பேச்சில் வெட்டுவதும் அவர்தான் என்று மாஸ்டர் சொல்லிக்கொள்வார், மனைவி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.

மாஸ்டர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுத்து அவருக்கு எறும்பு ஊர்வது மாதிரி. ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் படம் என்றால் கதையே வேறு. யாராவது போனில் ஒரு சட்டையின் படத்தைக் காட்டினால் போதும். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று தனித்தனியாகக் காகிதத்தில் வரைந்து வைத்துவிடுவார். வரைவது எல்லாம் முழு அளவு. கோடு போகிற இடத்தில்தான் கத்தரி போகும். அதில் அரை நூல் மாறினாலும் அவருக்குத் தூக்கம் வராது. இஞ்சுக்கு எட்டு நூல், தையல்காரர் கணக்கு அது.

குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அது முடிந்ததும் இதயம் அச்சடித்த ஒரு பெரிய தாளை எடுத்து, நடுச்சுவரில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "இங்க சின்னதா ஒரு ஓட்டை இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. நிறையக் குழந்தைங்களுக்குத் தானாவே மூடிக்கும். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்," என்று சொல்லி மகளின் கையில் கொடுத்தார்.

டாக்டர் சொன்னதில் மகளின் காதில் ஏறியது ஒரே ஒரு வார்த்தை. ஓட்டை.

மருமகன் சரக்கு லாரி ஓட்டுகிறவர், அப்போது எங்கோ பாதி வழியில் இருந்தார். மகள் குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த பிறகும் அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் வெட்டுமேஜையில் விரித்து, "அப்பா, நீங்க பாருங்க. உங்களுக்குத்தான் படம் புரியும்," என்றாள். "முதல்ல இந்தப் படமே தப்புப்பா. இடது பக்கம்னு வலது பக்கத்துல எழுதியிருக்கான்."

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். சிரித்தார்.

"தப்பில்லம்மா. இது நமக்கு எதிர்ல நிக்கிற ஆளு. போட்டுக்கிறவங்களோட இடதுதான் இடது. சட்டையில பாக்கெட்டு எந்தப் பக்கம் வைப்பேன்? எதிர்ல நின்னு பார்த்தா உனக்கு வலது பக்கம் தெரியும். அதே கதைதான்."

மகள் தன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "ஆமால்ல," என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது அப்போதுதான். அப்பாவுக்குப் புரிகிறது. அப்பா சொன்னால் சரியாக இருக்கும்.

"அந்த ஓட்டை எவ்வளவு பெருசுப்பா?"

அங்கேதான் மாஸ்டர் சறுக்கினார். கேட்டதும் கை தானாக டேப்புக்குப் போயிற்று. பேனா வட்டத்தின் மேல் டேப்பை வைத்து, வாடிக்கையாளருக்குக் காலர் அளவு சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டார்.

"முக்கால் இஞ்சு."

மகள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முக்கால் இஞ்சுக்கு விரித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து குழந்தை கீழே இறங்கவில்லை. தொட்டிலில் போட்டால் அழும், அழுதால் ஓட்டை கிழிந்து பெரிதாகிவிடும். இது மகளின் கணக்கு. குழந்தை வாயைக் கோணினால் போதும், இவள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். சாப்பாடு ஒரு கையால், தூக்கம் சுவரில் சாய்ந்தபடி. குளிப்பாட்டினால் அழும் என்று ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். சட்டை போட்டால் அழும் என்று, மாஸ்டர் ஆசையாகத் தைத்து வைத்த பூப்போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். பாலும் குறைந்துகொண்டு வந்தது.

"இப்படியே போனா பிள்ளை நல்லா இருக்கும், நீ படுத்துருவ," என்று அம்மா அதட்டினார்.

"முக்கால் இஞ்சும்மா. அப்பாவே அளந்து சொன்னாரு. உனக்கென்ன தெரியும்?"

மனைவி கடைக்கு வந்து கணவரைப் பார்த்த பார்வையில் மெஷின் தானாக நின்றது.

"ஏங்க, வாயில ஒரு ஊக்கு மாட்டிக்கிட்டு அளந்திருக்கக் கூடாதா?"

"உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதைச் சொன்னாராம். துணி தைக்க வர்ற பொம்பளைங்ககிட்ட இடுப்பு அளவை ரெண்டு இஞ்சு குறைச்சுச் சொல்லத் தெரியுதுல்ல?"

மாஸ்டருக்கும் அந்த முக்கால் இஞ்சு தூக்கத்தைக் கெடுத்திருந்தது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுபடியும் அளப்பது.

பிற்பகலில் மகள் சுவரில் சாய்ந்தபடி அசந்துபோயிருந்தாள். குழந்தை அவள் மடியில் கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் தாளை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே போனார். அந்த ஓட்டை நெஞ்சில் சரியாக எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். துணி மேல் அச்சை வைத்துப் பார்ப்பது போல, குழந்தையின் மேல் தாளைப் பிடித்தார்.

இதயம் கழுத்தில் ஆரம்பித்துத் தொப்புளில் முடிந்தது. அகலத்துக்கு இரண்டு அக்குளையும் தாண்டி வெளியே வந்தது.

மாஸ்டர் தாளைக் கொஞ்சம் மேலே ஏற்றினார். கீழே இறக்கினார். சாய்த்துப் பிடித்தார். எப்படி வைத்தாலும் உட்காரவில்லை. பின்னாலேயே வந்த மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"இந்த அளவு இந்தப் பிள்ளைக்கு உட்காரவே உட்காராது," என்றார் மாஸ்டர் கிசுகிசுப்பாக. "இதயமே ஏழு இஞ்சு. அப்போ நுரையீரல் எங்க? வயிறு எங்க?"

"முழுக்க முழுக்க இதயமாவே பொறந்துட்டாளோ என்னவோ."

"விளையாடாத. யாரோ பெரிய ஆளோட அச்சைக் குடுத்துட்டாங்க."

தாளைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். அவருக்கே பெரிதாக இருந்தது. அடுத்த தெருவில் ஒரு வாடிக்கையாளர் உண்டு, நாற்பத்தெட்டு இஞ்சு மார்பு. அவருக்கு வேண்டுமானால் பொருந்தலாம். அந்த நிமிஷமே மாஸ்டரின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அளவு தப்பு என்றால் முக்கால் இஞ்சும் தப்பு. ஆனால் சரியான அளவு எது?

மறுநாள் காலையில் தாளைச் சுருட்டி, தைத்து முடித்த நாலு கோட்டையும் கையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கோட்டு ஒரு சாக்கு.

ஸ்கேன் அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். எதிர்ச்சுவர் முழுக்கப் படங்கள். ஒன்றில் பச்சை நிறத்தில் உடம்பெல்லாம் மயிர் முளைத்த கிருமி, பூசணிக்காய் அளவுக்கு. இன்னொன்றில் ரத்தத்தில் ஓடும் சிவப்பு வட்டுகள், நடுவில் குழிந்து, ஓட்டை போட மறந்த கோட்டுப் பட்டன் மாதிரியே. வேறொரு நாளாக இருந்தால் பட்டன் அகலத்தை மனசுக்குள் குறித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு அந்தப் பட்டனைப் பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. இவ்வளவு பெரிய பட்டன் ரத்தத்தில் ஓடினால் குழாயே அடைத்துக்கொள்ளும். பூசணிக்காய்க் கிருமி ஒன்று வந்தால் அதற்கு வாசலில் நாற்காலி போட வேண்டும். இந்த ஆட்கள் யாருமே முழு அளவில் வரைவதில்லை.

ஸ்கேன் எடுக்கிற பெண் வெளியே வந்தாள். அவள் போட்டிருந்த கோட்டு மாஸ்டர் தைத்ததுதான்.

"வாங்க மாஸ்டர். நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்தப் பாக்கெட்ல கை போனா வர மாட்டேங்குது."

"கை வெளிய இருந்தாத்தானம்மா வேலை நடக்கும். குடு, பிரிச்சுத் தர்றேன். அதுக்கு முன்னாடி இதைச் சொல்லு. இந்தப் படம் எத்தனை மடங்கு?"

தாளை விரித்து நடந்ததைச் சொன்னார். முக்கால் இஞ்சு என்று கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதா பரிதாபப்படுவதா என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தவித்தாள்.

"டேப்பு வெச்சா அளந்தீங்க?"

"அளக்காம?"

"மாஸ்டர், உங்க படம் எவ்வளவுன்னு சொல்ற படம். இது எதுக்குப் பக்கத்துல எது, எதுலேர்ந்து எதுக்கு வழின்னு சொல்ற படம். அளவு கணக்கே கிடையாது. டாக்டர் உங்க கண்ணுக்குத் தெரியணும்னு வட்டத்தைப் பெருசாப் போட்டிருக்காரு. கீழ எழுதிக்கூட இருக்கு பாருங்க."

அடியில் எறும்பை விடச் சின்ன எழுத்தில் என்னவோ இருந்தது. "இதை அந்தக் கிருமிதான் வந்து படிக்கணும்," என்றார் மாஸ்டர்.

அவள் தன் கையை மூடிக் காட்டினாள். "அவங்கவங்க கைமுட்டி அளவுதான் அவங்கவங்க இதயம், ஏறக்குறைய. உங்க பேத்தி கைமுட்டி எவ்வளவு இருக்கும்?"

மாஸ்டருக்கு அளக்காமலே தெரியும். ஒன்றரை இஞ்சு. நேற்று அந்த முட்டி அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது.

"அதுல ஓட்டை மூணு மில்லிமீட்டர்."

மாஸ்டர் டேப்பைத் திருப்பினார். மறுபக்கத்தில் மூன்று சின்னக் கோடுகளை எண்ணி, அந்த இடத்தில் நகத்தை வைத்து மறுபடியும் இஞ்சுப் பக்கம் திருப்பினார்.

"ஒரு நூல்," என்றார். "ஒரே ஒரு நூல்."

"அதுவும் கிழிசல் இல்ல மாஸ்டர். எல்லாக் குழந்தைக்கும் வயித்துல இருக்கும்போது அங்க ஒரு வழி உண்டு. உள்ள மூச்சு விடற வேலை இல்லையே. அதனால ரத்தம் நுரையீரல் வரைக்கும் சுத்திப் போகாம குறுக்கு வழியில போகும். நடுச்சுவர்ல ரெண்டு தட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். ஒரு பக்கத்துலேர்ந்து தள்ளினா திறக்கும். பொறந்து மூச்சு விட ஆரம்பிச்சதும் மறுபக்கம் அழுத்தம் கூடி, தட்டு படிஞ்சு மூடிக்கும். மெல்ல ஒட்டிக்கும். உங்க பேத்திக்கு ஓரத்துல கொஞ்சம் ஒட்டாம நிக்குது, அவ்வளவுதான்."

மாஸ்டர் அவள் கோட்டின் முன்பக்கத்தைப் பார்த்தார். காஜாப் பட்டியும் பட்டன் பட்டியும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன.

"அப்போ இது ஓட்டை இல்ல. பட்டி. பட்டன் இன்னும் போடல."

அவள் குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள். "சரிதான். அப்படியே வெச்சுக்கலாம்."

"அழுதா கிழியுமா?"

"அழுதா கிழியாது. பொறந்ததும் வீல்னு கத்தி மூச்சை இழுத்தாளே, அதுலதான் அந்தக் கதவே சாத்த ஆரம்பிச்சுது. தாராளமா அழட்டும். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, எடை ஏறலேன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க. சில குழந்தைக்கு மூடாமலும் இருக்கும், அதுக்கும் வைத்தியம் இருக்கு. அதனால ஆறு மாசத்துல கட்டாயம் காட்டணும்."

மாஸ்டர் வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலில், ஒன்று தெருவில். நேராக உள்ளறைக்குப் போய் நின்றார்.

"ஒரு நூல்தாம்மா. இஞ்சு இல்ல, ஒரே நூல்."

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு முக்கால் இஞ்சுன்னீங்க. இன்னிக்கு ஒரு நூல்னு சொல்றீங்க. நாளைக்கு ஓட்டையே இல்லைன்னு சொல்வீங்களா? எனக்கு ஆறுதல் சொல்லணும்னு பொய் சொல்லாதீங்கப்பா."

அது நியாயம். அளவு தப்பாகப் போன வாடிக்கையாளருக்கு வாய் வார்த்தை எடுபடாது, துணியைத்தான் காட்ட வேண்டும். மாஸ்டர் கடைக்குத் திரும்பினார்.

முதலில் பழுப்புக் காகிதத்தில் ஒன்றரை இஞ்சுக்கு ஒரு இதயம் வரைந்து, நடுவில் ஒரு நூலுக்கு ஒரு கீறல் போட்டார். இது முழு அளவு. பிறகு சிவப்புத் துணியில் கை நுழைகிற மாதிரி ஒரு பை தைத்தார். நடுவில் குறுக்கே ஒரு சுவர். சுவரில் இரண்டு பட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல. மனைவி வந்து எட்டிப் பார்த்தார்.

"இது யாருக்கு? கைப்பிடி எங்க?"

"இதயம்டி."

"இதயத்துல என் தையலா உங்க தையலான்னு யாரு கேட்கப் போறா. குடுங்க, ஓரத்தை நான் அடிக்கிறேன். உங்க ஓரம் பல்லைக் காட்டும்."

இரண்டு பேரும் சேர்ந்து முடித்து எடுத்துப் போனார்கள். மாஸ்டர் மகளின் வலது கையைப் பிடித்துப் பையின் ஒரு பக்கத்தில் விட்டார். "இது குழந்தை வயித்துல இருந்தப்போ. தள்ளு." விரல்கள் பட்டியை விலக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தன. "இப்போ வெளிய எடு. பொறந்தாச்சு, அழுதாச்சு, மூச்சு விட்டாச்சு. இந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளு."

அவள் தள்ளினாள். பட்டி படிந்துகொண்டது. இன்னும் அழுத்தினாள். இன்னும் இறுக்கமாகப் படிந்தது. ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு இடைவெளி.

"அங்கதான் ஒரு நூல் ஒட்டாம நிக்குது. கிழிசல் இல்ல. தைக்கும்போதே விட்ட வழி. மூடறதுக்குன்னே விட்டது."

மகள் கையை எடுக்கவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தாள்.

"அழுதா?"

"அழுததுலதான் சாத்தவே ஆரம்பிச்சுதாம். ஸ்கேன் எடுக்கிற பொண்ணு சொல்லுச்சு. போன் போட்டுத் தரேன், நீயே கேளு." உதடு நீலமாவதையும் எடையையும் பற்றி அந்தப் பெண் சொன்னதையும் விடாமல் சொன்னார்.

அவள் போனை வாங்கிக் கேட்டாள். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பட்டியைத் திரும்பவும் ஒரு தரம் அழுத்தினாள். போனை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நிஜ அளவாப்பா?"

மாஸ்டர் பதறிப்போய்ப் பையைப் பிடுங்கினார். மெஷினுக்குப் பக்கத்திலிருந்து சாக்குக்கட்டியை எடுத்துவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எறும்பாகப் பிடித்து அதன் மேல் எழுதினார். பெறுசாக்கியது.

"சின்ன ரு போடணும்," என்றாள் மகள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

அப்போது குழந்தை முகத்தைச் சுருக்கி, வாயைக் கோணி, ஒரு கத்தல் கத்தியது. மகளின் கை தூக்கத்தான் போயிற்று. பாதியில் நின்றது. குழந்தையை மெதுவாகக் கட்டிலில் படுக்க வைத்து, உதட்டைப் பார்த்தாள். செக்கச்செவேல் என்று இருந்தது.

"அம்மா, அந்தப் பூப்போட்ட சட்டையை எடு. அழட்டும். போட்டுவிட்டுடலாம்."

குழந்தை தெருவே கேட்கக் கத்திக்கொண்டு தன் முதல் சட்டையைப் போட்டுக்கொண்டது. கழுத்து சரி, மார்பு சரி, கை மட்டும் அரை இஞ்சு நீளம். "வளர்றதுக்கு விட்டிருக்கேன்," என்றார் மாஸ்டர். யாரும் கேட்கவில்லை. மகள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போயிருந்தாள், காலை நீட்டி, வாயைத் திறந்து, கல்யாணத்துக்கு முன்னால் தூங்கினது மாதிரி.

ஆறு மாசம் கழித்து ஸ்கேன் அறைக்கு எல்லாரும் போனார்கள், லாரியை நிறுத்திவிட்டு வந்த மருமகன் உட்பட. அந்தப் பூப்போட்ட சட்டையின் கை இப்போது ஒரு இஞ்சு குட்டையாகிவிட்டிருந்தது. ஸ்கேன் எடுக்கிற பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பும் சாம்பலுமாக ஒரு பெரிய இதயம் திரை முழுக்கத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நடுச்சுவரில் அவள் சுட்டியை வைத்தாள். கோடு ஒரே நேராக ஓடியது.

"பட்டன் போட்டாச்சு மாஸ்டர்."

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரையைப் பார்த்து மிரண்டுபோய், "மாமா, இதயம் இவ்வளவு பெருசாவா இருக்கு பிள்ளைக்கு?" என்றார்.

மாஸ்டர் மகளைப் பார்த்தார். மகள் குழந்தையின் கையை எடுத்து, விரல்களை மடக்கி, அந்தச் சின்ன முட்டியைப் புருஷனின் உள்ளங்கையில் வைத்தாள்.